பெயர் மட்டும் எஞ்சிய நதி

கடலை அடைந்த நதிகள் தம் நாமத்தையும் ரூபத்தையும் ஒருங்கே இழந்துவிடுகின்றன என்றும், மலையினின்று இறங்குகையில் தனித்தனிப் பெயர் பூண்டிருந்த அவை, சமுத்திரத்தில் கலந்தபின் தம்மை இன்ன ஆறு என்று அறிவதில்லை என்றும் உபநிஷத ரிஷிகள் காட்டிய திருஷ்டாந்தம், முத்தியைப் பற்றிய விசாரம் எங்கு எழுந்தாலும் நம் நாவில் முதலில் வந்து நிற்பதாகும். இதற்கு நேர்மாறான ஒரு நதியைப் பற்றி இங்கே சிந்திக்க விரும்புகிறேன். அதன் ரூபம் கரைந்துவிட்டது. நாமம் மட்டும், தன்னை விழுங்கிய கடலின் ஒரு மூலையில், சிவந்த எழுத்துக்களில் இன்னும் ஒளிவிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நதி இங்கிலாந்தில் இருக்கிறது. அது ஒரு கடை.

ரிச்சர்டு டாம்ப்கின்ஸ் என்பவர், பொருள் வாங்குவோர் ஏட்டில் ஒட்டிச் சேர்த்துப் பின்னர்ப் பரிசுப் பண்டங்களாக மாற்றிக்கொள்ளும் ‘கிரீன் ஷீல்டு’ என்னும் பச்சை வில்லைகளை 1958 முதல் அந்நாடெங்கும் பரப்பியவர். அவரே 1973இல் கான்டர்பரி நகரில் ‘ஆர்கோஸ்’ என்ற பெயரால் ஒரு புதுவகைக் கடையைத் திறந்தார். கெட்டில், கடிகாரம், குழந்தை வண்டி, மோதிரம், விளையாட்டுச் சாமான், நாற்காலி என்று வீட்டுக்கு வேண்டிய சகலமும் அங்கே கிடைக்கும். ஆனால் உள்ளே நுழைந்தவன் கண்ணுக்கு அவற்றுள் மிகச் சிலவே தென்படும். மேடைகளின் மீது கனத்த விலைப்பட்டியல் நூல்கள் விரித்து வைக்கப்பட்டிருக்கும். வேண்டிய பண்டத்தின் எண்ணைப் பக்கம் புரட்டிக் கண்டு, அங்கே கிடக்கும் சிறு பென்சிலால் துண்டுச்சீட்டில் குறித்து, கல்லாவில் பணத்தைக் கட்டி, ரசீதிலுள்ள எண் அழைக்கப்படும் வரையில் வந்தவன் காத்திருக்க வேண்டும். பின்புறத்துக் கிடங்கிலிருந்து, அதுவரை பெயராக மட்டும் இருந்த பொருள், அட்டைப் பெட்டிக்குள் உருவெடுத்து வந்து சேரும்.

இந்த முறையை நான் வெறும் வியாபாரத் தந்திரமாகக் கருதவில்லை. காணாததற்கு விலை கொடுத்துவிட்டு, அது வரும் என்ற நிச்சயத்தோடு காத்திருப்பதற்கு நம் சாஸ்திரங்கள் வழங்கும் பெயர் சிரத்தை என்பது. கிறிஸ்துமஸுக்குச் சில மாதங்கள் முன்னே அந்நாட்டுக் குழந்தைகள் அந்தப் பட்டியல் நூலைத் தரையில் விரித்து, தமக்கு வேண்டிய பொம்மைகளைப் பேனாவால் வட்டமிட்டு வைப்பது ஒரு தலைமுறைக்கும் மேலாக வழக்கமாக இருந்தது. வட்டமிட்டவற்றுள் பெரும்பாலானவை கிட்டாமற் போயிருக்கும். அதனால் அந்த வட்டங்கள் வீணாயின என்று சொல்லிவிட முடியாது. ஆசையை அளவறிந்து வரிசைப்படுத்தவும், ஒன்றைப் பெறுவதற்கு ஒன்றை விட்டுக்கொடுக்கவும் அவை கற்றுக்கொடுத்தன. நூறு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் அச்சாகியிருந்த அந்நூல், 2020இல் நிறுத்தப்பட்டது.

கடையின் உடைமையோ பலமுறை கைமாறியது. 1979இல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டுபாக்கோ குழுமத்திடம் சென்றது. பின்னர்ப் பிரிந்து தனித்து நின்றது. 1998இல் வேறொரு குழுமம் வாங்கிற்று. 2006இல் ‘ஹோம் ரீடெய்ல்’ என்ற ஸ்தாபனத்தின் பகுதியாயிற்று. இத்தனை பிறவிகளிலும் கடைத்தெருவில் அதன் உடல் மாறவில்லை. 1869இல் லண்டனின் ட்ரூரி லேன் தெருவில் ஒரு பால்வெண்ணெய்க் கடையாகத் தொடங்கி, நாளடைவில் நாடு முழுதும் பரவிய சூப்பர் மார்க்கெட்டாக வளர்ந்திருந்த செயின்ஸ்பரீஸ், 2016இல் ஏறக்குறைய 140 கோடி பவுன் கொடுத்து அதனை ஏற்றுக்கொண்ட பின்னரே உடலுக்கும் பெரிய மாற்றம் வந்தது. பேரங்காடிகளுக்குள்ளே ஆர்கோஸ் முகப்புகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. 2020 நவம்பரில், தனித்து நின்ற கடைகளுள் சுமார் 420ஐ 2024 மார்ச்சுக்குள் மூடுவதென்றும், புதிதாக 150 முகப்புகளைப் பேரங்காடிகளுக்குள் அமைப்பதென்றும் அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,500 பேருக்கு வேலை போகக்கூடும் என்றும் அதே அறிவிப்புக் கூறிற்று. அன்றே வெளியான இன்னொரு செய்தியை அவ்வளவாக எவரும் இதனோடு சேர்த்து எண்ணவில்லை: இறைச்சியும் மீனும் கேட்ட அளவுக்கு அறுத்து நிறுத்துக் கொடுக்கும் முகப்புகளைப் பேரங்காடி தன்னிடத்திலேயே நிரந்தரமாக மூடிவிட்டது. இதைப் பற்றிப் பின்னர்ப் பேசுவேன்.

இப்போது கேள்வி இதுதான். பால் பாக்கெட்டுகளுக்கும் ரொட்டி அலமாரிக்கும் அப்பால், சுவரோரத்தில், ஒரு திரையும் ஒரு மேசையும் பின்னால் சிறு கிடங்குமாக நிற்கிறதே, அது ஆர்கோஸ்தானா? அன்றி, இறந்த ஒன்றின் பெயரை அணிந்துகொண்ட வேறொன்றா?

பலகை பலகையாக மாற்றப்பட்டு வந்த தீசியஸின் கப்பலை வைத்துக் கிரேக்கர்கள் இக்கேள்வியைக் கேட்டார்கள்; சக்கரமும் அச்சும் ஏர்க்காலும் தனித்தனியே தேர் ஆகா என்று காட்டி, தேர் என்பது கூட்டத்துக்கு இட்ட பெயரே என்று மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் உணர்த்தினார். இரண்டும் எல்லாரும் அறிந்தவை. ஆகையால் அவற்றில் நிற்க வேண்டுவதில்லை. ஸ்காட்லாந்துத் தத்துவஞானியான டேவிட் ஹியூம் 1739இல் வெளியிட்ட நூலில் வைத்த உதாரணமே நம் விஷயத்துக்கு மிக அண்மையில் வருகிறது. செங்கல்லால் கட்டிய ஒரு தேவாலயம் பாழ்பட்டுவிடுகிறது. ஊரார் அதனை வேறு கல்லால், வேறு சிற்பமுறையில் மீளக் கட்டுகிறார்கள். பொருளும் வேறு, வடிவும் வேறு. எனினும் அதே கோயில் என்று ஊரார் தயங்காமல் சொல்லுகிறார்கள். ஏன்? இரண்டுக்கும் பொதுவாக எஞ்சியிருப்பது ஒன்றே: அவ்வூர் மக்களோடு அதற்குள்ள சம்பந்தம். ஒரே பொருள் என்று நாம் சொல்லுவதற்கு அந்தச் சம்பந்தமே போதும் என்பது ஹியூமின் முடிவு.

அவர் ஆத்மா என்ற ஒன்றையே ஏற்காதவர். அந்த இடத்தில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கடை, கோயில், ஊர் முதலிய சமுதாயப் பொருள்களைப் பொறுத்தவரையில் அவர் கண்டது உண்மை என்றே நினைக்கிறேன். அறிவும் அனுபவமும் உள்ள உயிர் கடைக்குள் தனியே இல்லை. அதற்குள் வேலை செய்தவர்களிடமும் அதன் வாசலுக்கு வந்துபோனவர்களிடமும்தான் இருக்கிறது. ஆகவே, கடை பிழைத்ததா என்று கணக்குப் புத்தகத்தைக் கேட்பதிற் பயனில்லை. அந்த மனிதர்களைத்தான் கேட்கவேண்டும். வாகனமில்லாத ஒரு கிழவி, கடைத்தெருவில் மருந்துக்கடைக்குப் போகும் வழியில் ஆர்கோஸில் நுழைந்து ஒரு கெட்டில் வாங்குவாளாயின், அக்கடை ஊரின் விளிம்பிலுள்ள பேரங்காடிக்குள் போனபிறகு அவளுக்கு அது இல்லாத கடையே. வாரந்தோறும் காரில் போய் அரிசியும் காய்கறியும் வாங்கும் குடும்பத்துக்கோ அதே கடை முன்னிலும் நெருங்கி வந்திருக்கிறது. ஒரே பொருள் ஒருவருக்கு இறந்தும் மற்றொருவருக்குப் பிறந்தும் இருப்பது முரண் அன்று. சம்பந்தமே உயிர் என்றால் அப்படித்தான் இருக்க முடியும்.

சேர்க்கையை முற்றிலும் தீமை என்று சொல்லுவோர் வேறு இரண்டு முடிவுகளையும் நினைத்துப் பார்க்கவேண்டும். நூறாண்டுக்கு அணித்தாக அந்நாட்டுக் கடைத்தெருக்களில் நின்ற ஊல்வொர்த்ஸ், எவராலும் ஏற்கப்படாமல் 2009 ஜனவரியில் தன் 807 கடைகளையும் மூடிற்று. சுமார் 27,000 பேர் வேலை இழந்தனர். இரண்டாவது, ஆர்கோஸின் உடன்பிறப்பாக அதே குழுமத்தில் இருந்த ‘ஹோம்பேஸ்’ என்ற வீட்டுச் சாமான் கடை. அதை 2016இல் 34 கோடி பவுனுக்கு வாங்கிய ஆஸ்திரேலிய ஸ்தாபனம், நெடுநாள் அனுபவமுள்ள நிர்வாகிகளை விலக்கி, மக்கள் விரும்பி வந்த பண்டங்களை அகற்றி, தன் நாட்டில் வெற்றிபெற்ற ‘பன்னிங்ஸ்’ என்னும் அச்சில் அதை வார்க்கத் தொடங்கிற்று. 2018இல் அது முழுதும் ஒரே ஒரு பவுனுக்கு விற்கப்பட்டது. ஏற்றுக்கொண்ட பொருளின் இயல்பை அழித்துத் தானாக மாற்ற முயன்றதன் பலன் இது. விழுங்குவது வேறு, கலப்பது வேறு.

இந்த வேற்றுமையை நம் சைவ சித்தாந்திகள்போல் நுட்பமாக ஆராய்ந்தவர்கள் அரியர். முத்தியிலே உயிர் அழிந்துவிடுமானால், அங்கே ஆனந்தத்தை நுகர்வது யார் என்பது அவர்கள் எழுப்பிய தடை. உயிர் தனியே நின்றுவிடுமானாலோ அது கலப்பு ஆகாது. இவ்விரண்டு இடர்களுக்கும் நடுவே, பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் தம் திருவருட்பயனில், இலக்கணத்திலிருந்தே ஓர் உவமையை எடுத்தார்: தாள் என்னும் சொல்லும் தலை என்னும் சொல்லும் புணர்ந்தால் தாடலை என்றாகும். கேட்கிற செவிக்கு அது ஒரு சொல். பொருள் உணர்கிற அறிவுக்கு இரண்டு. இறைவன் தாளும் உயிரின் தலையும் அவ்வாறே ஒன்றென்றும் இரண்டென்றும் வரையறுக்க இயலாதபடி கூடியிருக்கின்றன என்பது கருத்து. இலக்கணம் கற்ற பிள்ளைப் பிராயத்தில் வெறும் விதியாக மனனம் செய்த புணர்ச்சி ஒன்று, பின்னாளில் இத்தனை ஆழமுள்ளதாகத் தோன்றியபோது எனக்கு உண்டான மெய்சிலிர்ப்பு இன்றும் மாறவில்லை.

அந்தப் புணர்ச்சியை உற்றுப் பார்த்தால் மற்றொன்றும் புலப்படும். தாள் தன் ளகரத்தை விட்டுக்கொடுக்கிறது. தலையின் தகரம் டகரமாகத் திரிகிறது. இரண்டு சொற்களும் மாறுகின்றன. இறைவன் திரிபற்றவன் என்பது சித்தாந்தம் ஆகையால் தெய்வ விஷயத்தில் உவமையை இவ்வளவு நீட்டலாகாது. ஆனால் மனிதருக்குள்ளும் மனிதர் கட்டிய ஸ்தாபனங்களுக்குள்ளும் நிகழும் சேர்க்கையை அளக்க இது தகுந்த கோல். சேர்த்துக்கொண்டவனும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தானா? மேலே குறித்த மீன் முகப்பை இங்கே நினைவுகூர்கிறேன். பேரங்காடி தன் பழைய அங்கம் ஒன்றையும் அன்று இழந்தது மெய்யே. ஆயினும் அது ஆர்கோஸின் பொருட்டு இழந்ததன்று. செலவு கருதி வெட்டியது. மீனைச் செதிள் நீக்கிக் கொடுத்த கையும், கிடங்கிலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்த கையும் ஒரே நாளில் ஒரே கணக்கில் கழிக்கப்பட்டன. ஒருவர் பொருட்டு ஒருவர் மாறுவதே புணர்ச்சி. இருவரும் ஒரே மூன்றாம் பொருளுக்காகக் குறைக்கப்படுவது அவ்வாறாகாது.

முதற்கடை திறந்த கான்டர்பரி, சேர்க்கைக்கும் கரைப்புக்கும் பழகிப்போன ஊர். 1170இல் கொலையுண்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் சமாதிக்கு யாத்திரிகர்கள் நூற்றாண்டுக் கணக்காக வந்த நகரம் அது. எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்தை அரசோடு சேர்த்தபோது, 1538இல் அந்தச் சமாதி இடிக்கப்பட்டது. புனித அகஸ்டின் மடமும் அதே ஆண்டில் முடிந்தது. பேராலயத்தைச் சார்ந்த துறவியர் மடமும் பிறகு கலைக்கப்பட்டது. ஆனால் பேராலயம் புதிய குருமாரோடு தொடர்ந்தது. இன்று அகஸ்டின் மடம் இடிபாடு. பேராலயமோ வழிபாட்டுத் தலம். சமாதி இருந்த வெறுந்தரையில் ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. வருகிறவர்கள் அதன்முன் நிற்கிறார்கள். பொருளும் போயிற்று, வடிவும் போயிற்று, நிற்கிறவர்கள் நிற்கிறார்கள். ஹியூமின் தேவாலயத்துக்கு இதைவிடச் சிறந்த சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஒரு கடையை இதனோடு நிறுத்துப் பேசுவது மிகை என்று எவரேனும் கருதினால், குழந்தையின் முதல் தொட்டிலையும் கலியாண மோதிரத்தையும் அந்தக் கடையிலே வாங்கிய ஏழை எளியவர்களை நினைக்கும்படி அவரை வேண்டிக்கொள்வேன்.

அயர்லாந்துக் குடியரசில் மெழுகுவர்த்தியும் மிஞ்சவில்லை. அங்கே செயின்ஸ்பரீஸ் பேரங்காடி கிடையாது; கரைவதற்குக் கடலே இல்லாத நதியாதலால், 2023 ஜூனில் ஆர்கோஸ் தன் 34 கடைகளையும் மூடிக்கொண்டு வெளியேறியது; 580 பேர் வேலை இழந்தனர்.

முத்திக்குச் சான்றோர் சொன்ன இலக்கணங்களுள் தலையாயது, மீண்டு வாராமை. 2025 செப்டம்பரில், ஜேடி.காம் என்ற சீன வியாபார நிறுவனத்துக்கு ஆர்கோஸை விற்பது பற்றிப் பேச்சு நடப்பதாகச் செயின்ஸ்பரீஸ் ஒப்புக்கொண்டது. மறுநாளே அப்பேச்சு முறிந்ததாகவும் அறிவித்தது. ஒன்பதாண்டுக் கலப்புக்குப் பின்னும் எடுத்து விற்கத்தக்கதாக அது தனித்தே இருந்தது என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது. இதை நான் கலப்பின் தோல்வி என்பதா, உயிரின் தனித்தன்மை என்பதா? சித்தாந்தத்தின் கண்கொண்டு பார்த்தால் இரண்டாவதே சரியென்று தோன்றும். வேலைக்காரர்களின் கண்கொண்டு பார்த்தால், நாளை யாருடைய பெயர்ப்பலகையின் கீழ் நிற்போம் என்று அறியாத கலக்கமே தோன்றும். இரண்டாவது கண்ணை மூடிக்கொண்டு முதற்கண்ணால் மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பட்டியல் நூலும் இல்லை, பென்சிலும் இல்லை. இருந்தும் பேரங்காடியின் அந்த மூலையில், வாங்கிய பால் பையில் இருக்க, கையில் ஓர் எண்ணோடு சிலர் நிற்கிறார்கள். உள்ளே யாரோ ஒருவர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவர்களுடைய பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.