பிதிர்க்கடனும் பதிவேடும்

இல்வாழ்வான் பேண வேண்டியவர்களுள் தென்புலத்தாரைத் தெய்வத்துக்கும் முன்வைத்தார் திருவள்ளுவர். எனினும் ஆடி அமாவாசையன்று கீரிமலையில் குருக்கள் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்கும்போது, பூட்டன் பெயர் தெரியாது நிற்போர் பலர்.

கிறிஸ்தவர் சேமக்காலையிற் கல்லறை பெயரைக் காக்கின்றது. சைவரின் சாம்பலோ கடலிற் கரைந்துவிடுகின்றது. எனவே மரணப் பதிவும் காணி உறுதியுமே அவர்க்குக் கல்லறை. பாட்டிமாரின் பெயர்களைச் சீதன உறுதிகள் காட்டும்.

ஆயினும் தேடுவது கடன் தீர்க்கவா, குலப்பெருமை பேசவா? இலங்கையில் அடிமைமுறை 1844 இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்திய அடிமைப் பதிவொன்றில் முன்னோர் ஒருவரின் பெயர் இருப்பின், அவரும் பிதிரரே. அவரை மறைத்துவிட்டு இறைக்கும் எள்ளும் நீரும் யாரைச் சேரும்? அறிந்த பெயரை நாணாது சொல்வதே பிதிர்க்கடன்.