பழுதுபார்த்த தோல் வாரும் பொருளின் தன்னடையாளமும்

ஒரு பொருளின் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு வரும்போது எந்தக் கட்டம் வரை அது அதே பொருளாக நீடிக்கிறது என்பது மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. பலகைகள் மக்கிய இடமெல்லாம் புதுப்பலகை பொருத்தப்பட்ட, தொன்ம வீரன் தீசியசின் கப்பலைக் கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் இவ்வினாவுக்கு எடுத்துக்காட்டாக்கினார். கழற்றிய பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது பழைய கப்பல் என்று கேட்டு, ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் 1655-இல் அதனை மேலும் கடினமாக்கினார். பழைய இராணுவ முதுகுப்பை ஒன்றின் தோல் வார்களைச் சீர்செய்ய அமரும் கைவினைஞரும் இதே வினாவை எதிர்கொள்கிறார். அவர் அதற்குச் சொல்லால் அன்றிச் செயலால் விடை தர வேண்டியவராக இருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுவிட்சர்லாந்துப் படையினர் சுமந்த முதுகுப்பை இதற்குப் பொருத்தமான சான்றாகும். கறுப்பும் வெள்ளையும் கலந்த நெசவினால் ‘உப்பும் மிளகும்’ என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் தடித்த துணியாலும், தோலாலான அடிப்பகுதியாலும் வார்களாலும் அமைந்த அப்பையைப் பல ஊர்களில் இருந்த சேணத் தொழிலாளர்கள், அதாவது குதிரைச் சேணமும் தோற்கருவிகளும் தைப்போர், செய்தளித்தனர். செய்தவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தோலில் முத்திரையாகப் பதிக்கும் வழக்கமும் இருந்தது. அந்நாட்டின் குடிமக்கள் படை முறையில் வீரர் தம் தளவாடங்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டதால், பல பைகள் நெடுங்காலம் ஒரே உடலோடு பழகி, அவ்வுடலின் தடத்தைத் தம் வார்களில் ஏற்றிருக்கின்றன.

அத்தடத்தைத் தாங்கும் தோலோ நிலையற்றது. தோலின் இழைகள் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனவை. மரப்பட்டை போன்றவற்றிலிருந்து பெறப்படும் துவர்ப்பொருளாகிய டானின் அவ்விழைகளைப் பிணைத்து, பச்சைத்தோல் அழுகாதபடி காப்பதே தாவரப் பதனிடல் ஆகும். காலப்போக்கில் எண்ணெய்ப்பசை குறைந்து வார் விறைப்பதும், செம்பு ரிவெட்டுகளைச் சுற்றித் தோலின் கொழுப்பு அமிலங்களோடு செம்பு வினைபுரிந்து பச்சை மெழுகாகப் படிவதும் பொதுவானவை. இவற்றினும் கொடியது ‘செந்நோய்’ எனத்தக்க சிதைவு: காற்றிலுள்ள கந்தக வாயுக்கள் தோலில் அமிலமாக மாறி இழைகளை அறுக்க, தோல் செந்தூளாக உதிர்கிறது. நூற்கட்டுத் தோல்கள் சிதைவதற்கு வாயுவிளக்கின் கந்தகப் புகையே காரணம் என்று ஆங்கில அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1843-ஆம் ஆண்டிலேயே கருதினார். உதிர்ந்த இழையை மீட்க வழியில்லை. செல்லுலோசிலிருந்து பெறப்படும் பிசினை ஆல்கஹாலில் கரைத்துப் பூசி மேற்பரப்பை இறுகச் செய்யலாமே தவிர, அவ்வார் மீண்டும் சுமை தாங்காது. எனவே பை சுமக்கப்பட வேண்டுமாயின் வார் மாறியே தீரும்.

மாறியபின் அது அதே பையா என்பதற்கு இந்திய மெய்யியலில் இரு கூர்மையான விடைகள் உண்டு. நியாய வைசேடிகர், முழுமையாகிய அவயவி தன் உறுப்புகளில் சமவாயம் என்னும் பிரிக்கவியலாத உறவால் தங்கியிருந்தும் அவற்றின் வேறானது என்பர். இக்கொள்கையைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் ஓர் உறுப்பு நீங்கியதுமே பழைய முழுமை அழிந்து புதியதொன்று தோன்றுவதாகக் கொள்ள வேண்டும். பௌத்தரோ முழுமை என்பதே உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரளவே என்பர். மிலிந்தன் என்னும் கிரேக்க அரசனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டி உணர்த்தியதும், இரவெல்லாம் எரியும் சுடர் முழுவதும் ஒன்றுமன்று, முற்றிலும் வேறுமன்று என்று விளக்கியதும் இக்கருத்தையே. முதல் விடையில் ஒவ்வொரு தையலும் ஒரு மரணமாகிவிடுகிறது. இரண்டாவதில் தொடர்ச்சி காக்கப்படினும், எந்த மாற்றம் தொடர்ச்சியைப் பேணுகிறது, எது அதனை அறுக்கிறது என்பதை அறியக் கைவினைஞருக்குத் தனி அளவுகோல் வேண்டியிருக்கிறது.

அவ்வளவுகோலைத் தேடுவோருக்கு ஆஸ்திரியக் கலை வரலாற்றறிஞர் அலோய்ஸ் ரீகல் 1903-இல் செய்த பகுப்பு உதவும். பழம்பொருளில் காலத்தின் தேய்மானமே தரும் மதிப்பை முதுமை மதிப்பு என்றும், இன்றும் பயன்படுவதால் வரும் மதிப்பைப் பயன் மதிப்பு என்றும் பிரித்த அவர், இரண்டும் ஒன்றோடொன்று மோதக்கூடியவை என்று காட்டினார். உறுதியான வார் வேண்டும் என்கிறது பயன்; எதையும் தொடாதே என்கிறது முதுமை. இரண்டுக்கும் இடம் தரும் கைவினைஞர் முதலில் மென்தூரிகையால் தூசு நீக்குவதோடு நிற்கிறார். மிகையான எண்ணெய் தூசியை ஈர்த்து, நாளடைவில் ஆக்சிசனேற்றமடைந்து தோலை விறைக்கச் செய்யும் என்பதால் அதைத் தவிர்க்கிறார். தையல் விட்ட இடத்தில் புதுத்துளை இடாமல், தேன்மெழுகு பூசிய லினன் நூலை இரு ஊசிகளால் பழைய துளைகளிலேயே இருபுறமும் செலுத்துகிறார். இத்தையலில் ஒரு பக்க இழை அறுந்தாலும் மறுபக்க இழை பிடித்துக்கொள்ளும். கழற்றிய வாரையும் அவர் எறியாமல் பையோடு சேர்த்தே வைக்கிறார். சிதறவிடாத உறுப்பைக் கொண்டு போட்டிப் பொருள் எதுவும் எழ இயலாதாகையால் ஹாப்சின் புதிருக்கு இச்செயலே நடைமுறை விடையாகிறது.

வாரின் நீளத்தைச் சரிசெய்வதில் இவ்வினா இன்னும் ஆழமாகிறது. முந்தையவர் பயன்படுத்திய துளை நீள்வட்டமாக இழுபட்டும், பக்கிள் அழுந்திய இடம் கறுத்தும், இடவாரும் வலவாரும் வேறுவேறளவு நீண்டும் இருக்க, புதியவருக்குச் சுமை முதுகோடு ஒட்டி நிற்க வேறு துளை வேண்டியிருக்கலாம். புதுத்துளை இடுவதாயின் வெட்டுக்கீறலின் முனையில் தோல் கிழியும் என்பதால் வட்டத்துளையே இடப்படும். இது பழையவரின் தடத்துக்கு இழைக்கும் தீங்காகத் தோன்றலாம். ஆயினும் வாரில் ஒரு துளைக்குப் பதிலாக ஒரு வரிசைத் துளைகளை இட்டவர் அதனைச் செய்த சேணத் தொழிலாளரே. தாம் அறியாத முதுகு ஒன்றுக்கு அவர் இடம் விட்டிருந்தார். மாற்றத்துக்கு இடமளிப்பதே அப்பொருளின் வடிவத்துள் தொடக்கம் முதல் அடங்கியிருந்ததால், ஏற்ற அளவில் மாறுவது அதன் இயல்பை நிறைவேற்றுவதாகும்.

ஆகவே பொருளின் தன்னடையாளம் மாறாத பருப்பொருளிலோ வெறும் பெயரிலோ இல்லை. செய்தவர், சுமந்தவர், சீர்செய்தவர் ஆகியோர் ஒருவர் செயலை ஒருவர் மறைக்காமல் தொடரும் நேர்மையில் அது காக்கப்படுகிறது. புதுவாருக்குப் பழமைச் சாயம் ஏற்றிப் பழைய ஆண்டு முத்திரையைப் பொய்யாகப் பதிப்பவர் எவ்வளவு திறமையாகச் செய்தாலும் அத்தொடரை அறுத்தவராகிறார். தம் வேலை தம்முடையதே என்று தெரியுமாறு புதுவாரின் உட்புறத்தில் தம் பெயரையும் தைத்த ஆண்டையும் பொறிப்பவரோ, முதற்கைவினைஞர் மேற்கொண்ட அதே பொறுப்பைத் தாமும் ஏற்றுக்கொள்கிறார். வார் புதிதேயாயினும் பை அதே பையாக நீடிப்பதற்கு அவ்வாய்மையே போதிய காரணம்.