வழியனுப்பும் மாதம்

ஐப்பசியில் வலசைப் பறவைகள் வந்து இறங்கினால் நாளிதழ்களில் படத்தோடு செய்தி வரும். பங்குனியில் அவை கிளம்பிப் போவதை யாரும் எழுதுவதில்லை. பனி உருகும் நாடுகளில் வசந்தம் என்றால் பறவைகள் திரும்பும் காலம். நமக்கோ அவற்றை அனுப்பிவைக்கும் காலம். வரவைக் கொண்டாடும் நாம் பிரிவை மட்டும் ஏன் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்?

ஏரிக்கரையில் நின்று பார்க்கப் பழகிய பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது: புறப்பாடு ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. மாசியிலேயே ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. வயலில் மங்கலாகத் திரிந்த மஞ்சள் வாலாட்டி இறகு மாற்றிப் பளிச்சென்று ஆகிறது. கோடியக்கரைச் சேற்றில் சாம்பல் நிறத்தில் மேய்ந்த வளைமூக்கு உள்ளானின் மார்பு செங்கல் நிறம் கொள்கிறது. பகல் நீள நீள உடலுக்குள் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. பறவைகள் ஓயாமல் தின்று கொழுப்பைச் சேர்க்கின்றன. 30 கிராம்கூடத் தேறாத கொசு உள்ளான் ஆர்க்டிக் சமவெளிவரை போயாக வேண்டும். கூந்தன்குளத்து வரித்தலை வாத்துகளுக்கு இமயமே குறுக்கே நிற்கிறது. அந்த இனம் 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது.

நாமும் வேலையை விடுகிறோம், ஊரை விடுகிறோம், உறவை விடுகிறோம். பெரும்பாலும் மனம் கசந்த பிறகு, சட்டென்று. பறவை இங்கே குறை கண்டு போவதில்லை. வேளை வந்தது, உடம்பு தயார், கிளம்புகிறது. தயாராகாததற்கும் அங்கே இடமுண்டு. கரைப்பறவைகளில் ஒரு வயது நிரம்பாத பல, கோடை முழுவதும் நம் கழிமுகங்களிலேயே தங்கிவிடுகின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளை அமெரிக்கா போய்விட்டான் என்று நம் பிள்ளையை விரட்டுகிற நமக்கு இது உறைக்க வேண்டும்.

வழியனுப்புகிறவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. தூரப் பயணம் போகிறவருக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்த வழக்கம் நம்முடையது. வடக்கே பறந்து போகத் தேவையான வலுவில் ஒரு பங்கு, புறப்படுமுன் இங்கே தின்ற புழுவிலும் பூச்சியிலும்தான் இருக்கிறது. ஆகவே பங்குனியில் ஏரியில் கொஞ்சம் நீரையும் சேற்றையும் விட்டுவையுங்கள். கரை வயலில் பூச்சிமருந்தைக் குறையுங்கள். வந்தவரை வரவேற்பது பாதி விருந்தோம்பல்தான்; வயிறு நிறைய அனுப்பிவைப்பது மீதி.