பதில் சொன்னவருக்கு என்ன பாக்கி?

சீன சமூக ஆய்வு சார்ந்த கருத்தரங்கு அறிவிப்புகளும் களப்பணி நல்கை அறிவிப்புகளும் ஆண்டு முழுக்க வந்துகொண்டே இருக்கின்றன. படித்துப் பழகியவர்களுக்கு அவற்றின் அச்சு மனப்பாடம். முந்நூறு சொற்களில் ஆய்வுச்சுருக்கம், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், கடைசித் தேதி, பயணப்படி கிடைக்குமா கிடைக்காதா என்று ஒரு வரி. களப்பணிக்கான நல்கை என்றால் கூடவே ஒரு செலவுப் பட்டியலும் கேட்பார்கள். விமானக் கட்டணம், தங்குமிடம், மொழிபெயர்ப்பாளர் சம்பளம், உள்ளூர் வண்டி வாடகை, ஒலிப்பதிவுக் கருவி, பதிவை எழுத்தாக்கும் கூலி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம்.

அந்தப் பட்டியலில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பெரும்பாலும் கட்டம் இருப்பதில்லை. வயல் வேலையை நிறுத்திவிட்டு, முன்பின் தெரியாத ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து, தன் கடன், தன் நிலம், தன் பெண்ணின் கல்யாணச் செலவு எல்லாவற்றையும் சொன்ன ஆளுக்கு. மிஞ்சிப்போனால் ‘சிறு பரிசுகள்’ என்று ஒரு வரி இருக்கும். ஒரு சிகரெட் பெட்டி, ஒரு தேயிலைப் பொட்டலம் அதில் அடங்கிவிடும்.

நான் சீனக் கிராமங்களுக்குப் போய் ஆராய்ந்தவன் இல்லை. போனவர்கள் எழுதிய புத்தகங்களை நெடுநாளாகப் படித்துவருகிறவன். ஆய்வு மாணவனான என் நண்பன் ஒருவன், “காசு எங்கேருந்து வந்தா என்னடா? கேள்வி நல்லாருந்தாப் போதாதா?” என்பான். வயதில் மூத்த இன்னொரு நண்பர் இதற்கு நேர் எதிர். “யாரோட காசுன்னு தெரியாம ஒரு ரூபா தொடக்கூடாதுங்க” என்பார். இருவருமே காசு கொடுப்பவருக்கும் காசு வாங்குபவருக்கும் நடுவில் மட்டும் இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், பதில் சொன்னவர். அவரையும் சேர்த்துக்கொண்டால் கணக்கே மாறிவிடும்.

முதலில் மூத்த நண்பரின் கட்சியை எடுத்துக்கொள்வோம். சீனாவில் நவீன சமூக ஆய்வு யார் காசில் வளர்ந்தது? பீகிங் நகர வாழ்க்கையைப் பற்றி 1921-இல் வெளிவந்த பெரிய ஆய்வு நூலின் ஆசிரியர் சிட்னி காம்பிள். ப்ராக்டர் அண்ட் காம்பிள் சோப்புக் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரின் பேரன் அவர். 1930களின் நடுவில் சீனப் பல்கலைக்கழகங்களின் கிராம ஆய்வுகளுக்குப் பணம் தந்தது ராக்ஃபெல்லர் அறக்கட்டளை. அந்தச் செல்வத்தின் மூலம் ஸ்டாண்டர்ட் ஆயில், சீனக் கிராமங்களுக்கு மண்ணெண்ணெய் விற்ற கம்பெனி.

இதைவிடச் சிக்கலான கதை சிங்ஹுவா பல்கலைக்கழகத்துடையது. பாக்ஸர் கிளர்ச்சியை அடக்கிய எட்டு நாடுகளின் படைகள் பீகிங்கைப் பிடித்தபின், 1901-இல் சீனாவின் மேல் 45 கோடி தேல் வெள்ளி தண்டமாக விதிக்கப்பட்டது. 39 ஆண்டுகளில் கட்டி முடிக்கவேண்டும். தன் பங்கில் அதிகப்படியானதை அமெரிக்கா 1908-இல் திருப்பித் தர முடிவு செய்தது. ஆனால் கையில் கொடுக்கவில்லை. சீன மாணவர்களை அமெரிக்காவில் படிக்கவைப்பதற்கென்று ஒதுக்கியது. அந்தப் பணத்தில் 1911-இல் எழுந்ததுதான் சிங்ஹுவா. அதாவது சீனக் குடியானவரிடம் வரியாகப் பிடுங்கிய வெள்ளி கடல் தாண்டிப் போய், அந்நியரின் பெருந்தன்மையாகத் திரும்பி வந்து, அதே குடியானவரை ஆராயும் அறிஞர்களை உருவாக்கியது. இதில் எது யாருடைய காசு? சுத்தமான காசைத் தேடிக்கொண்டே இருந்தால் சீனாவைப் பற்றிய அந்தக் காலத்துப் புத்தகம் ஒன்றுகூடக் கையில் மிஞ்சாது.

அப்படியென்றால் இளைய நண்பன் சொல்வதுதான் சரியா? காசு எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லையா? அவனுக்கு நான் தென் மஞ்சூரிய ரயில்வே கம்பெனியின் கதையைச் சொல்வேன்.

ரஷ்யாவைத் தோற்கடித்தபின் ஜப்பான் 1906-இல் தொடங்கிய கம்பெனி அது. ரயில் ஓட்டுவது அதன் வேலைகளில் ஒன்று. சுரங்கம், துறைமுகம், நகர நிர்வாகம் எல்லாம் அதன் கையில். 1907-இலிருந்து தனியாக ஓர் ஆய்வுப் பிரிவும் இருந்தது. 1937-இல் முழுப் போர் மூண்டு வட சீனா ஜப்பானியப் படையின் பிடிக்குள் வந்தபின், 1940-இலிருந்து அந்தப் பிரிவின் ஆய்வாளர்கள் ஹெபெய், ஷான்தோங் மாகாணங்களின் ஆறு கிராமங்களில் பெரிய ஆய்வொன்றை நடத்தினார்கள். நிலம் கைமாறும் முறை, குத்தகை, வாரிசுரிமை, வரி, நீர்ப் பங்கீடு, கோயில், ஊர்த்தலைமை என்று எதையும் விடவில்லை. கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் அப்படியே எழுதினார்கள். போருக்குப் பின் 1952 முதல் 1958 வரை அது ஆறு கனமான தொகுதிகளாக ஜப்பானில் வெளிவந்தது.

வட சீனக் கிராமத்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமான பதிவு வேறு கிடைப்பது அரிது. ஃபிலிப் ஹுவாங் 1985-இல் வெளியிட்ட வட சீன விவசாயப் பொருளாதாரம் பற்றிய நூலும், இந்தியாவில் பிறந்த பிரசன்ஜித் துவாரா 1988-இல் வெளியிட்ட நூலும் இந்தத் தொகுதிகளின் மேல்தான் பெரிதும் நிற்கின்றன. அரசின் வரிப்பசி ஊரின் பழைய தலைமையை விரட்டிவிட்டு, அந்த இடத்தில் லாபத்துக்கு வரும் தரகர்களை எப்படி உட்காரவைத்தது என்று துவாரா காட்டினார். அந்தப் புரிதல் நமக்குக் கிடைத்தது அந்தக் கேள்வி-பதில்களால்தான்.

கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் கெட்டவர்களும் இல்லை. அந்த ஆய்வுப் பிரிவில் இடதுசாரிகள் பலர் இருந்தார்கள். 1942, 43-இல் ஜப்பானிய ராணுவப் போலீஸே அவர்களில் பலரைக் கைது செய்தது. சிலர் சிறையிலேயே செத்தார்கள். கேள்விகள் நல்ல கேள்விகள்தான், கேட்டவர்களில் பலர் நேர்மையானவர்கள்தான். இருந்தும் ஏதோ ஒன்று உறுத்துகிறது. பீகிங்குக்குப் பக்கத்திலிருக்கும் ஷாஜிங் கிராமத்துப் பெரியவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஊரைப் பிடித்து வைத்திருக்கும் படையின் நாட்டிலிருந்து வந்தவர் எதிரே உட்கார்ந்து, “உங்களுக்கு எத்தனை மூ நிலம்?” என்று கேட்கிறார். “இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? எனக்கு வேலை இருக்கு, போயிட்டு வாங்க” என்று அந்தப் பெரியவரால் சொல்ல முடியுமா?

என் அளவுகோல் இதுதான். ஒரு நல்கையின் ஒழுக்கத்தை அது புறப்பட்ட இடத்தைவிட, அது போய்ச் சேரும் இடத்தில் வைத்துத்தான் அளக்க முடியும். அந்தக் காசு கேள்வி கேட்பவர் கையில் என்ன அதிகாரத்தைக் கொடுக்கிறது? பதில் சொல்பவரால் ‘மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா? சோப்புக் காசும் மண்ணெண்ணெய்க் காசும் இந்தச் சோதனையில் ஓரளவு தேறலாம். ரயில்வே கம்பெனியின் காசு தேறாது.

“அப்போ அந்த ஆறு தொகுதியையும் கொளுத்திடலாமா?” என்று நண்பன் மடக்குவான். கூடாது. அந்தத் தொகுதிகளில் கேட்டவர் பெயரோடு பதில் சொன்னவர் பெயரும் அச்சாகியிருக்கிறது. எழுத்தில் வேறெங்கும் தடம் இல்லாத மனிதர்களின் பேச்சு அது. வற்புறுத்தி வாங்கிய பேச்சு என்பதற்காக அதைத் தூக்கி எறிந்தால், அவர்களை இரண்டாம் முறையும் ஊமையாக்குகிறோம். படிக்கவேண்டும், எந்த நிலையில் சொன்னது என்பதை மறக்காமல் படிக்கவேண்டும். வரி போடுபவனோ என்று பயந்தவன் நிலத்தைக் குறைத்துச் சொல்லியிருப்பான். அந்தக் குறைத்தலும் அவன் சொன்ன பதில்தான். ஹுவாங்கும் துவாராவும் இந்த மூலத்தின் பின்னணியை வாசகரிடம் மறைக்கவில்லை. குறைந்தபட்ச மரியாதை அது.

இதற்கு மறுபக்கமாக நான் வைத்துப் பார்ப்பது ஃபெய் சியாவ்தோங்கின் கதை. 1935-இல் அவரும் புதிதாகக் கல்யாணமான மனைவி வாங் தோங்ஹூயும் குவாங்ஷி மலையில் யாவ் மக்களிடையே களப்பணிக்குப் போனார்கள். ஃபெய் புலிப்பொறியில் சிக்கிக் காயம்பட்டார். உதவி தேடி ஓடிய மனைவி மலையில் விழுந்து இறந்துபோனார். அடுத்த ஆண்டு கோடையில், உடம்பு தேறுவதற்காக, தாய் ஏரிக்குப் பக்கத்திலிருக்கும் காய்ஷியான்கோங் கிராமத்துக்கு வந்தார். அவருடைய அக்கா ஃபெய் தாஷெங் பட்டு உற்பத்தி வல்லுநர். 1929-இல் அந்த ஊரில் ஒரு கூட்டுறவுப் பட்டு நூற்பாலை அமைய உதவியவர். ஊராருக்கு இவர் ஆராய்ச்சியாளர் இல்லை, அக்காவின் தம்பி. அவர்களுடைய பேச்சே இவருடைய பேச்சு. சில வாரங்கள் அங்கே தங்கிச் சேர்த்த குறிப்புகளோடு, சிங்ஹுவாவின் உதவித்தொகையில், சற்றுமுன் சொன்ன தண்டப் பணத்தின் வழியாக, லண்டனுக்குப் போனார். மாலினோவ்ஸ்கியின் மாணவராக எழுதிய அந்த ஆய்வு, அவருடைய முன்னுரையோடு 1939-இல் ஆங்கிலப் புத்தகமாக வந்தது.

அக்கா செய்த உதவிக்காக மறுக்க முடியாமல் பதில் சொன்னவர்களும் அந்த ஊரில் இருந்திருக்கலாம். நன்றிக்கடனும் ஒருவகைக் கட்டாயம்தான். ஆனால் அந்தக் கட்டாயத்தின் பின்னால் துப்பாக்கி இல்லை.

இங்கேதான் என் அளவுகோல் போதாமல் போகிறது. மறுக்கும் உரிமை இருந்தது, சரி. சொன்னதற்கு என்ன திரும்பி வந்தது? லண்டனில் 1939-இல் வந்த புத்தகம் சீன மொழியில் வந்தது 1986-இல். நாற்பத்தேழு வருஷம். பதில் சொன்ன பலர் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். நடுவில் போர், புரட்சி, 1952-இல் பல்கலைக்கழகங்களிலிருந்து சமூகவியலையே நீக்கிய முடிவு எல்லாம் நடந்தன என்பது உண்மை. எல்லாவற்றையும் ஃபெய்யின் தலையில் கட்ட முடியாது. ஆனால் தங்களைப் பற்றி உலகம் படித்ததைத் தாங்கள் படிக்க முடியாமல் போனது அந்த ஊராருக்குத்தானே?

ஃபெய் வேறு வழியில் அந்தப் பாக்கியைத் தீர்க்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன். 1957-இல் மறுபடி அந்த ஊருக்குப் போனார். நெல் விளைச்சல் கூடியிருந்தது. ஆனால் மக்கள் கையில் காசில்லை. வீட்டோடு செய்துவந்த பக்கத் தொழில்களைக் கைவிட வைத்ததுதான் காரணம் என்று எழுதினார். ஒரு பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கிய அந்தக் கட்டுரை முழுதாக வெளிவரவில்லை. அந்த ஆண்டே அவருக்கு ‘வலதுசாரி’ முத்திரை விழுந்தது; இருபதாண்டுக் காலம் ஆய்வே செய்ய முடியவில்லை. 1979-இல் சமூகவியல் மீண்டபின், 2005-இல் இறக்கும்வரை, அந்த ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனார். 1957-இல் அவர் சொன்னதை எந்த நல்கையும் கேட்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன் தன்னிடம் பேசியவர்களுக்காகச் சொன்னார்.

இன்றைய நிலைக்கு வருவோம். சீனாவின் தேசிய சமூக அறிவியல் நிதி ஆண்டுதோறும் தலைப்புப் பட்டியல் வெளியிடுகிறது. வெளிநாட்டுத் தொடர்புள்ள கணக்கெடுப்புகளுக்கு உரிமம் பெற்ற நிறுவனமும் அனுமதியும் வேண்டும் என்று 2004-இல் விதி வந்தது. அமெரிக்கா 2020-இல் சீனாவுக்கான ஃபுல்பிரைட் திட்டத்தை நிறுத்தியது. தைவானில் 1989-இல் தொடங்கிய ஓர் அறக்கட்டளை உலகெங்கும் சீனவியலுக்கு நல்கை தருகிறது. ஒவ்வொரு பணப்பையும் ஒரு ஜன்னல். ஒன்றின் வழியே பார்த்தால் கிராமம் சாதனையாகத் தெரியும், இன்னொன்றின் வழியே பார்த்தால் ஆபத்தாகத் தெரியும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் ஒரே ஆள்தான். “பையன் ஷென்ஜென்ல வேலைக்குப் போயிட்டான், பேரனை நான்தான் வளர்க்கிறேன்” என்று ஒரு கிழவி சொல்வதை, ஓர் அறிக்கை நகர்மயமாதலின் வெற்றி என்று எழுதும், இன்னொன்று ஆட்சியின் தோல்வி என்று எழுதும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கிழவி சொன்னது அவள் முதுகுவலியைப் பற்றியும் பேரனின் படிப்பைப் பற்றியும்.

பதில் சொன்னவருக்குக் கூலி கொடுத்துவிட்டால் தீருமா? கூலி கொடுத்தால் பதில் கெட்டுவிடும் என்று சில ஆய்வாளர்கள் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளர் சம்பளம் வாங்கினால் மொழிபெயர்ப்பு கெடுவதில்லையா என்று அவர்களிடம் கேட்கத் தோன்றும். ஒரு நாள் வேலை கெட்டதற்கு ஒரு நாள் கூலி நியாயம்தான். ஆனால் சொன்ன சொல் பின்னாளில் அவரையே கடிக்கலாம். அந்த ஆபத்துக்குக் கூலி கட்ட முடியாது.

இன்னொரு தடை உண்டு. பதில் சொன்னவருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறோம் என்றால், நிலத்தைப் பிடுங்கிய அதிகாரியும்தானே பேட்டி கொடுத்தார்? அவருக்கும் வாய்மூடி இருக்கவேண்டுமா? வேண்டாம். கடன்பட்டிருப்பதும் ஒத்துப்போவதும் வேறு வேறு. அவர் சொன்னதைத் திரிக்காமல் எழுதுவது வரைதான் அவருக்கு நாம் பட்ட கடன். பதவி இருப்பவரிடம் கேள்வி கேட்பதே ஊர் சார்பில்தான். பதவி இல்லாதவரிடம் பட்ட கடன் அதைவிடப் பெரிது: சொன்ன சொல்லால் அவருக்குத் தீங்கு வரக்கூடாது, அவர் சொன்ன கவலையைப் பணப்பைக்குப் பிடித்த கவலையாக மாற்றக்கூடாது, எழுதியது அவருடைய மொழியில் அவர் கைக்குப் போகவேண்டும்.

விண்ணப்பம் எழுதும் நண்பனிடம் நான் சொல்வது இவ்வளவுதான். காசை வாங்கிக்கொள். ஆனால் செலவுப் பட்டியலில் இரண்டு கட்டத்தை நீயே சேர். திரும்பிப் போவதற்கான பயணச்செலவு ஒன்று, எழுதியதை அந்த ஊர் மொழியில் அச்சடித்துக் கொடுப்பதற்கான செலவு இன்னொன்று. நல்கை தருபவர் அவற்றை அடித்துவிடலாம். அடித்தாலும் அந்தச் செலவு இல்லாமல் போய்விடாது; அது உன் கணக்கில் வந்து நிற்கும்.