நாட்டு வருமானமும் மனித நலமும்



சென்ற பௌர்ணமியன்று பாலசமுத்திரத்தில் நமது சங்கக் கூட்டம் முடிந்து அனைவரும் கலைந்து செல்லும் வேளையில், கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் செய்தித்தாளொன்றைக் கையில் கொண்டு என்னிடம் வந்தார். "ஐயா, உலகின் பெரிய பொருளாதாரங்களுள் முதல் ஐந்தில் நம் நாடு இடம்பெற்றுவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். என் தாய் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்குப் படுக்கிறாள். அவளுடைய உழைப்பும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா?" என்று வினவினார்.

அன்று யான் சொன்ன விடை அரைகுறையானது. பின்னர் நூல்களைப் புரட்டி, எனது அறிவுக்கு எட்டிய அளவில் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகின்றேன். யான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். இருபத்தாறு ஆண்டுகள் நூற்பாலையில் நின்று பிழைத்தவன். கற்றறிந்தோர் குற்றம் காணின் பொறுத்தருள்க.

அளவுகோல் யாது?

செய்தித்தாள் குறிப்பிடும் எண்ணுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தி என்று பெயர். ஓராண்டிற்குள் ஒரு நாட்டின் எல்லைக்குள் ஆக்கப்பட்ட பண்டங்களுக்கும் பணிகளுக்கும் சந்தை விலையிட்டுக் கூட்டிய தொகையே அது. ஆனால் கண்ணில் கண்ட விலைகளையெல்லாம் கூட்டிவிடுவதில்லை. எனக்குத் தெரிந்த தொழிலைக் கொண்டே விளக்குகின்றேன். உழவர் பஞ்சை 100 ரூபாய்க்கு விற்கிறார். ஆலை அதை நூலாக்கி 160 ரூபாய்க்கு விற்கிறது. நெசவாளர் அதைத் துணியாக்கி 250 ரூபாய்க்கும், தையற்காரர் சட்டையாக்கி 400 ரூபாய்க்கும் விற்கின்றனர். இந்நான்கையும் கூட்டினால் ஒரே பஞ்சை நான்கு முறை எண்ணிய பிழை நேரும். ஆகவே ஒவ்வொருவரும் புதிதாகச் சேர்த்த மதிப்பையே எடுத்துக்கொள்கின்றனர். 100, 60, 90, 150 ஆகியவற்றைக் கூட்டினால் 400. அதுவே சட்டையின் இறுதி விலையுமாகும்.

"மொத்த" என்னும் அடைமொழியையும் கவனித்தல் வேண்டும். நூலை நூற்கும்போது இயந்திரம் தேய்கிறது. அத்தேய்மானத்தைக் கழிக்காத தொகை மொத்தம்; கழித்த தொகை நிகரம். இவ்வேறுபாட்டை நினைவில் வையுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

அளவுகோலைப் பழிக்கலாகாது

இக்கணக்கு வீண் கணக்கு என்று எவரும் எண்ண வேண்டா. தாதாபாய் நௌரோஜி 1867-68ஆம் ஆண்டுக்கு இந்தியரின் வருமானத்தைக் கணித்து, தலைக்கு ஆண்டொன்றுக்கு 20 ரூபாய்தான் என்று காட்டினார். சிறைக்கைதிக்கு அரசு செய்யும் உணவு உடைச் செலவைக்கூட அது எட்டவில்லை என்பதையும் எடுத்துரைத்தார். இந்தியா செழிக்கிறது என்று சொல்லிவந்த ஆட்சியாளருக்கு அவ்வெண்ணே மறுமொழியாயிற்று. சுதந்திரத்திற்குப்பின் 1949இல் மகலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழு அமைந்தது. எதை எங்கே பெருக்குவது என்று திட்டமிடுவதற்குக் கணக்கு இன்றியமையாததாயிற்று. அளவுகோலில் குற்றமில்லை. நெல் அளக்கும் படியைக் கொண்டு ஒருவருடைய குணத்தை அளக்க முற்படுவதே குற்றமாகும்.

இதனை முதலிற் சொன்னவர் அக்கணக்கை வகுத்தவருள் முதன்மையானவரே. அமெரிக்க அறிஞர் சைமன் குஸ்நெட்ஸ் 1934இல் தம் நாட்டு வருமானத்தைக் கணித்துச் சட்டமன்றத்திற்கு அளித்த அறிக்கையிலேயே, ஒரு நாட்டின் நலத்தை அதன் வருமானத் தொகையிலிருந்து அறிந்துவிட முடியாது என எச்சரித்தார். உலகம் எண்ணை ஏற்றுக்கொண்டது, எச்சரிக்கையை மறந்துவிட்டது.

ஏட்டில் ஏறாத உழைப்பு

இப்போது இளைஞரின் வினாவுக்கு வருவோம். உழவர் தம் உணவுக்கென்று வைத்துக்கொள்ளும் நெல்லுக்கும் மதிப்பிட்டு நாட்டுக் கணக்கில் சேர்க்கின்றனர். அந்நெல்லின் அரிசியை அவரது மனைவி சோறாக்கிப் பரிமாறும் உழைப்பு அதில் சேர்வதில்லை. குழந்தையை வளர்ப்பதும், முதியோரைப் பேணுவதும், பாத்திரம் துலக்குவதும் சேர்வதில்லை. இரண்டு பெண்கள் ஒருவர் வீட்டில் மற்றவர் கூலிக்குச் சமைப்பார்களாயின், இரண்டு கூலிகளும் கணக்கில் ஏறி நாடு வளர்ந்ததாகத் தோன்றும். ஆயினும் பானையில் ஒரு பருக்கையும் கூடியிராது.

இந்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களைச் செலவிட்டனர். அவ்வேலை செய்யும் ஆண்களோ 97 நிமிடங்களே. நம் ஊருக்கு அப்பால், எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், ஒரு கோடிக்கு மேற்பட்ட இல்லத்தரசியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கலாயிற்று. அதற்கு உதவித்தொகை என்னாது உரிமைத் தொகை என்று பெயரிட்டதிலே ஒரு நியாயம் இருக்கிறது. ஆயினும் உற்பத்திக் கணக்கு அதனையும் உழைப்பின் ஊதியமாக ஏற்பதில்லை. கைமாறிய பணம் என்று ஒதுக்கிவிடுகிறது. அப்பெண் அதைக் கொண்டு கடையில் பருப்பு வாங்கும்போதுதான் கணக்கு விழிக்கிறது.

நம்மவர்க்கு இது புதிய செய்தியன்று. கர்ணத்தின் ஏட்டில் நிலம் இருந்தது, பட்டாதாரர் பெயர் இருந்தது, தீர்வை இருந்தது. செத்த மாட்டை இழுத்தவர், சாவுச் செய்தி சொல்ல இரவில் ஊர் ஊராக நடந்தவர், ஏரி மடையில் இறங்கியவர் ஆகியோரின் உழைப்புக்கு அவ்வேட்டில் இடமில்லை. களத்துமேட்டில் கிடைத்த சில அரிக்கட்டுகளும் பிச்சை எனப்பட்டனவேயன்றிக் கூலி எனப்படவில்லை. எண்ணப்படாதவர் மதிக்கப்படுவதில்லை என்பதை நம் பாட்டன்மார் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

கழிக்கப்படாத கேடு

நம் சித்தூர் மாவட்டத்துப் பொன்னையாறு தெற்கே ஓடிப் பாலாற்றில் கலக்கின்றது. அப்பாலாற்றுப் பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழில் உலகப் புகழ் பெற்றது. தோலும் காலணியும் கப்பலேறின. அந்நியச் செலாவணி வந்தது. ஒவ்வொரு ரூபாயும் கணக்கில் ஏறிற்று. அதே தொழிலின் கழிவுநீர் ஆற்றிலும் வயலிலும் பாய்ந்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. தோல் தொழில் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாததாயிற்று என்னும் ஆய்வு அதில் எடுத்துக்காட்டப்பட்டது. திண்டுக்கல் பக்கத்து 13 ஊர்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்னும் செய்தியும் அதில் உண்டு. கேடு செய்தவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்று நீதிமன்றம் விதித்தது. 2025 ஜனவரியிலும் பாலாற்றுக் கேட்டைக் குறித்து மீண்டும் அது ஆணையிட நேர்ந்தது.

கிணறு கெட்டதற்கு நாட்டு வருமானத்தில் ஒரு காசும் கழிவதில்லை. கிணறு கெட்ட குடும்பம் கேன் தண்ணீர் வாங்கினால் அச்செலவு வரவாகச் சேரும். அந்நீரால் நோயுற்று மருத்துவமனை சென்றால் அதுவும் சேரும். இழப்பைக் காணாமல், இழப்பை ஈடுகட்டும் செலவை மட்டும் வளர்ச்சி என்று எழுதும் ஏட்டை என்னென்பது!

இனி இயந்திரத் தேய்மானத்திற்கு வருவோம். என்னோடு கார்டிங் பகுதியில் நண்பர் ஒருவர் வேலை பார்த்தார். வார விடுமுறை கழிந்து திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்ததும் அவருக்கு நெஞ்சு இறுகும். செவ்வாய் புதனில் சற்றுத் தணியும். பஞ்சுத்தூசி நுரையீரலைப் பற்றும் நோயின் தொடக்கக் குறி அது என்பதை நாங்கள் அறியோம். கரும்புகை பிடித்ததால் வந்த இருமல் என்றே பேசிக்கொண்டோம். அவரோ பீடியைத் தொட்டவரல்லர். ஆலை இயந்திரத்தின் தேய்மானம் ஆண்டுதோறும் ஏட்டில் எழுதப்பட்டது. நண்பருடைய நுரையீரலின் தேய்மானம் மொத்தத்திலும் கழியவில்லை, நிகரத்திலும் கழியவில்லை. அவர் வட்டிக்கு வாங்கி மருத்துவருக்குக் கொடுத்த பணம் மட்டும் நாட்டின் வருமானத்தில் ஏறியது.

யார் கையில்?

பத்துப் பேரில் ஒருவர் 91,000 ரூபாயும், மற்ற ஒன்பதின்மர் தலைக்கு 1,000 ரூபாயும் ஈட்டினால் சராசரி 10,000 ரூபாய் ஆகும். அப்பத்தாயிரத்தைக் கண்ணால் கண்டவர் அவருள் ஒருவருமிலர். மொத்தத் தொகையில் முன்வரிசையில் இருக்கும் நம் நாடு, தலைக்கு வகுத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பின்னே நிற்கிறது. வகுத்து வந்த எண்ணும் யார் கையில் எவ்வளவு சேர்ந்தது என்று சொல்லாது.

தீக நிகாயத்துக் கூடதந்த சூத்திரத்தில், திருட்டு மலிந்த நாட்டு மன்னனுக்கு அவனது குரு சொல்லும் அறிவுரை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தண்டனையால் திருட்டு ஒழியாது. உழவருக்கு விதையும், வணிகருக்கு முதலும், பணிபுரிவோருக்கு ஊதியமும் அளிப்பாயாக என்பது அதன் சாரம். கருவூலம் எவ்வளவு நிறைந்தது என்று கேளாமல், எவர் கைக்கு எது சேர்ந்தது என்று கேட்ட அறிவுரை அது.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

"அப்படியாயின் தோல் ஆலைகளை மூடிவிடலாமா? வறுமையே நன்றென்பீரா?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவ்வாலைகளில் கூலி பெறுவோருள் நம் உறவினர் பலர் உண்டு. எனது நூற்பாலைக் கூலியினால்தான் என் பிள்ளைகள் படித்தனர். இல்லறத்தார்க்கு வறுமையும் கடனும் துன்பம் என்றே பகவான் போதித்தார். ஏழ்மையை அணிகலனாக அவர் எவருக்கும் பூட்டவில்லை. ஆகையால் கூலி வேண்டும், ஆலையும் வேண்டும். ஆனால் ஒருவரது கூலியை மற்றொருவரது கிணற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது, கொடுத்ததை மட்டும் எழுதி எடுத்ததை மறைப்பது பொய்க்கணக்கு. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவைத் தோலின் விலையில் சேர்த்தால் லாபம் குறையும், கணக்கோ உண்மையாகும்.

வேறு அளவுகோல்களும் வந்துள்ளன. மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் ஆகியோரின் முயற்சியால் 1990இல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் ஆயுளையும் கல்வியையும் வருமானத்தோடு சேர்த்து எண்ணும் மனிதவள மேம்பாட்டுக் குறியீட்டை வெளியிட்டது. வருமானத்தில் பின்தங்கியிருந்த காலத்திலேயே இலங்கையும் கேரளமும் பள்ளியாலும் மருத்துவமனையாலும் பங்கீட்டு அரிசியாலும் நீண்ட ஆயுளைப் பெற்றமை அதற்குச் சான்று. பூட்டான் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் 1970களில் மொத்த நாட்டு மகிழ்ச்சி என்னும் கொள்கையை முன்வைத்தார். 2008ஆம் ஆண்டின் அரசியற் சட்டத்திலும் அது இடம்பெற்றது. பௌத்த நாடென்று நாம் பெருமை கொள்ளலாம். ஆயினும் 1990ஐ அடுத்த ஆண்டுகளில் நேபாள மொழி பேசும் மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அந்நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு நேபாள முகாம்களில் வாடினர். நாட்டில் இல்லாதவரின் கண்ணீர் நாட்டு மகிழ்ச்சியில் எப்படிக் கழியும்? ஆகவே எந்த அளவுகோலாயினும், எண்ணாமல் விட்டது எது, விடப்பட்டவர் எவர் என்று கேட்பதே அறமாகும்.

நம் சங்கத்து ஏடு

இதை எழுதும்போது எனக்கே நாணம் உண்டாயிற்று. இரவுப் பணிக்குப் புறப்படும்போது சோற்றுத் தூக்கைக் கையில் கொடுத்த என் மனைவியிடம், "நீ வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்று பலமுறை சொன்னவன் யான். நாட்டுக் கணக்கு செய்யும் பிழையை என் வாயும் செய்தது.

அன்றைய பௌர்ணமிக் கூட்டத்தில் நமது செயலாளர் வரவு செலவு வாசித்தார். அரிசி, பருப்பு, எண்ணெய், பந்தல் எல்லாவற்றிற்கும் கணக்கு இருந்தது. காலை முதல் அடுப்படியில் நின்றவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இளைஞர் என்னிடம் அவ்வினாவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய தாய் பின்புறம் நமது சங்கத்து அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் அது அப்போது கண்ணில் படவில்லை.

தம்பி, உங்கள் வினாவுக்கு விடை இதுதான்: உங்கள் தாயின் உழைப்பு அந்தக் கணக்கில் சேரவில்லை. சேரும் நாள் எப்போது வரும் என்பதை அரசும் அறிஞரும் ஆராயட்டும். நம் ஏடு நம் கையில் இருக்கிறது. வரும் பௌர்ணமி முதல் சமைத்தோர் பெயர்களும் அறிக்கையில் வாசிக்கப்படுதல் வேண்டும் என்று சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கின்றேன். அன்று அண்டா துலக்குவது ஆண்களின் முறை. நீங்களும் வாருங்கள்; யானும் வருகின்றேன்.