இரண்டாவது முட்டை

தென்னமெரிக்கக் கரைக்கு மேற்கே, சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் பசிபிக் கடலில் இருக்கின்றன காலாபகஸ் தீவுகள். அங்கே நாஸ்கா பூபி என்றொரு வெள்ளைக் கடற்பறவை வாழ்கிறது. பூபி என்ற பெயர் ஸ்பானிய மொழியில் அசடு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததென்கிறார்கள். கரையில் நடக்கும்போதுதான் அசடு. கடலுக்கு மேலே போய்விட்டால் வேறு பிறவி. உயரத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்து மீனோடு எழும்பும்.

வெறுந்தரையில் இரண்டு முட்டை இடுகிறது, சில நாள் இடைவெளி விட்டு. பாதங்களை விரித்து மூடி அடைகாக்கிறது. இரண்டும் பொரித்துவிட்டால், பிறந்து சில நாளே ஆன மூத்த குஞ்சு இளையதை நெட்டி நெட்டிக் கூட்டுக்கு வெளியே தள்ளிவிடுகிறது. மிச்சத்தை வெயிலும் பசியும் பார்த்துக்கொள்கின்றன. பக்கத்திலேயே தாயோ தகப்பனோ உட்கார்ந்திருக்கிறது. அலகை நீட்டி இழுத்துக்கொள்ள எத்தனை நேரம் ஆகும்? இழுத்துக்கொள்வதில்லை.

ஒன்றைத்தான் வளர்க்கப் போகிறதென்றால் இரண்டு எதற்கு? முதல் முட்டை கூமுட்டையாகிவிட்டால் அடுத்ததாவது உதவும் என்பதற்காக. டேவிட் ஆண்டர்சன் என்ற ஆராய்ச்சியாளர் இந்தத் தீவுகளில் சோதித்துக் கண்ட விஷயம் இது. ‘ஒரு கண்ணும் கண்ணா, ஒரு பிள்ளையும் பிள்ளையா’ என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதும் ஏறக்குறைய இந்தக் கணக்குத்தான். மூத்தது பிழைத்துவிட்ட நாளில் இளையது யாருக்கும் வேண்டாததாகிவிடுகிறது. அது என்ன ஜன்மம்!

மூத்த குஞ்சின்மேல் எனக்குக் கோபமில்லை. வேறு விதமாக நடந்துகொள்ள வழியில்லாத இடத்தில் பாவம் ஏது, புண்ணியம் ஏது? ஆனால் உட்கார்ந்திருக்கும் தாய்? திருதராஷ்டிரனுக்காவது கண்ணில்லை என்று சொல்லிவிடலாம். பறவைதானே, அதற்கு என்ன தெரியும் என்று தள்ளிவிடலாந்தான். அப்படித் தள்ளவிடாமல் ஒரு செய்தி தடுக்கிறது.

அதே தீவுகளில் நீலக்கால் பூபி என்று இன்னொரு ஜாதி உண்டு. இரை குறைந்த காலத்தில் அங்கேயும் மூத்தது இளையதைக் கொல்லும். இரை நிறைந்த காலத்தில் இரண்டும் வளரும். குஞ்சுகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்த சோதனை ஒன்று 1999-ல் வெளியாயிற்று. நாஸ்காக் குஞ்சுகள் நீலக்காலிடம் வளர்ந்தபோது கொலை குறைந்தது. நீலக்கால் குஞ்சுகளை நாஸ்காவிடம் விட்டபோது கூடியது.

குஞ்சுகள் மாறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் மாறினார்கள்.