கைக்கு அகப்படாத உடைமை

பிறர் வீட்டுப் பாத்திரத்தைக் கேளாமல் எடுப்பது ஹராம் என்று நம் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால், விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டு நகலாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, அதிலேயே கிராஅத் கேட்கிறோம். கடைக் கணக்கும் எழுதுகிறோம். "உடையவனிடம் அவன் பொருள் அப்படியே இருக்கிறதே, என்ன குறைந்துவிட்டது?" என்று மனத்திற்குச் சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம்.

பூட்டிக் கிடக்கும் பிறர் வீட்டில் ஒருவன் கள்ளத்தனமாக ஒரு மாதம் குடியிருந்தால் சுவர் தேய்ந்துவிடுவதில்லை. ஆயினும் அந்த மாதத்து வாடகை அவன் மீது கடமை என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். பொருளின் பயனும் உடைமையே என்பது இதன் கருத்து.

இரும்பு மோதிரம்கூட இல்லாத ஏழைத் தோழருக்கு, அவருக்குத் தெரிந்த குர்ஆனைக் கற்பிப்பதையே மஹராக்கி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நிகாஹ் செய்து வைத்தார்கள். கற்பிக்கும் உழைப்புக்கு மதிப்புண்டு என்பதற்கு உலமாக்கள் இதைச் சான்றாகக் காட்டுவர்.

அறிவை மறைப்பது பாவமாயிற்றே, அதை விற்கலாமா என்று தயங்கிய ஆலிம்களும் உண்டு. ஆனால் மார்க்க அறிவைக் கேட்டவரிடம் மறைப்பது வேறு. பலர் பல காலம் உழைத்துச் செய்த கருவிக்குக் கூலி கேட்பது வேறு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாசிரியர், கண்டுபிடிப்பாளர் ஆகியோரின் உரிமைகள் பொருள் மதிப்புள்ளவை, ஷரீஅத்தின் பாதுகாப்புக்குரியவை, அவற்றை மீறலாகாது என்று தீர்மானித்தது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் 1984 திருத்தத்தால் கம்ப்யூட்டர் நிரல்கள் சேர்க்கப்பட்டன.

விலை எட்டவில்லையா? லிப்ரே ஆபீஸ், லினக்ஸ் போன்றவற்றை நகலெடுக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் செய்தவர்களே அனுமதி தந்திருக்கிறார்கள். ஹலாலான வழி திறந்திருக்க, ஹராமுக்கு நிர்ப்பந்தம் என்று சொல்ல நமக்கு வாயில்லை.

இது ஹக்குல் இபாத், அடியாருக்குரிய கடன். தொழுகையும் நோன்பும் சுமந்து வந்தவனும் பிறர் பொருளைத் தின்றிருந்தால், அவனுடைய நன்மைகள் உரியவருக்குப் பங்கிடப்பட்டு அவன் வெறுங்கையனாவான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே தவ்பா செய்வதோடு, அந்த நகலை அழிப்போம். அதைக் கொண்டு சம்பாதித்திருந்தால் உரிய விலையைச் செலுத்துவோம்.

அல்லாஹு தஆலா நம் வீடுகளில் ஹலாலானதை மட்டும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.